சும்மா இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை

(மீஞ்சூரில் நூலக வாசகர்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் மேடைப் பேச்சாளர் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மீஞ்சூரில் ரயில் ஏறினால் அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, அப்புறம் கும்மிடிப்பூண்டி. இருபது வருஷமாக இதுதான் என் பாதை. கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் படிக்கவில்லை. அதனால் நான் சொல்வது உங்களுக்குப் புரியாமல் போனால் அது என் தப்பு, உங்கள் தப்பு இல்லை.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. டிவியில் அடையாறு, சைதாப்பேட்டை, முடிச்சூர் என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். நம்ம பக்கத்தை அவ்வளவாகக் காட்டவில்லை. ஆனால் நாம் இருப்பது இரண்டு ஆற்றுக்கு நடுவில். தெற்கே கொசஸ்தலை, வடக்கே ஆரணி ஆறு. பூண்டி ஏரி நிரம்பித் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் நம்மைத் தாண்டித்தான் கடலுக்குப் போகணும். அந்த வாரம் எங்கள் வீட்டில் கீழ் அலமாரியில் இருந்த பள்ளிக்கூடப் புத்தகம், ரேஷன் அரிசி, தையல் மெஷின் மோட்டார் எல்லாம் போச்சு. தண்ணீர் வடிந்த பிறகு, சேறு வழிக்கிற நேரத்தில், என் பெண் ஒரு கேள்வி கேட்டாள். அப்போது எட்டாம் வகுப்பு. "இந்த மாதிரி மழை இனிமே அடிக்கடி வருமாப்பா?"

என்னிடம் பதில் இல்லை. யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. உலகம் சூடாகிறது, அதனால்தான் என்று சிலர் சொன்னார்கள். எல் நினோ வருஷம், அதனால்தான் என்று சிலர். டீக்கடையில் இன்னும் பல காரணம்.

ஆனால் அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். நெதர்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ட் யான் வான் ஓல்டன்பர்க், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக்கா ஓட்டோ, கார்ஸ்டன் ஹவுஸ்டைன், டெல்லி ஐஐடியின் கிருஷ்ணா அச்சுதராவ். இந்த நாலு பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2016-ல் அமெரிக்க வானிலைக் கழகத்தின் இதழில் வந்தது. தலைப்பே சென்னையின் 2015 டிசம்பர் மழைதான். அதை எனக்கு என் பெண்தான் பிற்பாடு கல்லூரியில் படிக்கும்போது கண்டுபிடித்துக் கொடுத்தாள். நான் பேச வந்த விஷயம் அந்தக் கட்டுரைக்குள்தான் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்திய கணக்குகளில் ஒரு பகுதியைப் போட்டது பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை. எங்கெங்கோ ஊர்களில், யார் யார் வீட்டிலோ, சும்மா கிடந்த சாதாரண கம்ப்யூட்டர்கள்.

இது எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்றேன். தாயக்கட்டை உருட்டி ஒருத்தருக்குத் தாயம் விழுகிறது. கட்டையில் ஏதோ சூது இருக்கு என்று ஒரு தடவையை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. அதே கட்டையை ஆயிரம் தடவை உருட்டணும். பிறகு நல்ல கட்டை ஒன்றை எடுத்து அதையும் ஆயிரம் தடவை உருட்டணும். எதில் தாயம் அதிகமாக விழுந்தது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். மழையும் அப்படித்தான். ஆனால் நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு 2015 டிசம்பர். அதைத் திரும்ப உருட்ட முடியாது.

அதனால் கம்ப்யூட்டருக்குள் உருட்டுகிறார்கள். காற்று, கடல் வெப்பம், மேகம், ஈரம் எல்லாவற்றையும் கணக்காக எழுதிய ஒரு மாதிரி உலகம். அதில் இப்போது இருக்கிற புகையும் வாயுவும் அப்படியே இருக்கும். இன்னொரு மாதிரி உலகத்தில் மனிதன் கரியும் பெட்ரோலும் எரிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று வைத்துக்கொள்வார்கள். இரண்டிலும் தொடக்கத்தைத் துளித்துளி மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரு ஓட்டம் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் பல நாள் பிடிக்கும். ஆயிரக்கணக்கில் ஓட்டணும் என்றால் ஒரு இடத்தில் நடக்கிற காரியமா? அதனால் ஆக்ஸ்ஃபோர்டில் 2003-லேயே 'கிளைமேட் பிரடிக்ஷன் டாட் நெட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வேலையைச் சின்னச் சின்ன பொட்டலமாகக் கட்டி, விருப்பப்பட்டு வருகிறவர்களின் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது. முடித்த விடையை இன்டர்நெட்டிலேயே திரும்ப வாங்கிக்கொள்வது. அதில் ஒரு பிரிவுக்குப் பெயர் 'வெதர் அட் ஹோம்'. நம்ம மழையை உருட்டிப் பார்த்த தாயக்கட்டைகளில் ஒன்று அதுதான். அதோடு நூறு வருஷத்து மழைப் பதிவு, வேறு மாதிரிக் கணக்குகள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

விடை என்ன வந்தது? நான் எதிர்பார்த்தது வரவில்லை. புவி வெப்பமடைந்ததால் இந்த மழைக்கான வாய்ப்பு கூடியது என்று காட்ட முடியவில்லை. காற்றில் மிதக்கிற நுண்துகள், அதாவது புகை, தூசி மாதிரி இருப்பது, வெயிலைக் கொஞ்சம் தடுத்து வெப்பத்தை மறைத்து வைத்திருக்கலாம் என்று சொன்னார்கள். அதுவும் 'இதுவரை' என்ற வார்த்தையைப் போட்டுத்தான் சொன்னார்கள். துகள் குறைந்தால் நிலைமை மாறலாம்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டு, கறுப்புத் தூசியை உதறி மடிக்கிற ஊர்க்காரங்க நாம். அத்திப்பட்டு, வல்லூர் புகைபோக்கி இரண்டும் மாடியிலிருந்து தெரியும். அந்தப் புகைக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை. புகை நல்லது என்று சொல்லவில்லை, நம்ம நுரையீரலுக்குத் தெரியும் அது எப்படி என்று. ஆனால் அந்த விடையைப் படித்த பிறகு எனக்கு ஒரு விஷயம் தோன்றியது. மழை மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. வாய்க்கால் எங்கே அடைபட்டது, ஏரிக்கரையில் யார் வீடு கட்டினது என்று கீழே குனிந்தும் பார்க்கணும். இது என் சொந்த அபிப்பிராயம். கட்டுரைக்காரர்கள் தலையில் கட்டவேண்டாம்.

என் பெண் கேட்ட கேள்விக்கு முகம் தெரியாத யாரோ தன் வீட்டுக் கரண்டைச் செலவழித்துப் பதில் தேடியிருக்கிறார்கள். நம்ம வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நம்ம ஊருக்கு ஒட்டிய இன்னொரு உதாரணம் சொல்லிவிட்டு, எப்படிச் செய்வது என்ற இடத்துக்கு வந்துவிடுகிறேன். மீஞ்சூர் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போன கதை 1960களின் கடைசியிலிருந்தே பதிவாகியிருக்கிறது. இங்கே போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, கடல் உள்ளே வந்துவிட்டது. பிறகு 2010-ல் அதே கடலோரம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அங்கே நடப்பது ஆர்ஓ முறைதான். நம்ம வீட்டு ஆர்ஓ மெஷின் மாதிரி, ஆனால் ராட்சச அளவில். பம்பு வைத்து சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளணும். செலவில் பெரும்பங்கு அந்த அழுத்தத்துக்கான கரண்ட்.

அதே 2010-ல் 'வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்' என்ற தன்னார்வக் கணினித் திட்டத்தில் 'கம்ப்யூட்டிங் ஃபார் கிளீன் வாட்டர்' என்று ஒரு வேலை தொடங்கினார்கள். சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகம் நடத்தியது. கார்பன் நானோ குழாய் என்று தலைமுடியைவிட எத்தனையோ ஆயிரம் மடங்கு மெல்லிய குழாய். அதற்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று வீட்டுக் கம்ப்யூட்டர்களில் கணக்குப் போட்டார்கள். குழாயின் சுவரில் இயல்பாக இருக்கிற வெப்ப அதிர்வே, சில சூழ்நிலைகளில் தண்ணீர் பரவுகிற வேகத்தை 300 சதவீதத்துக்கு மேல் கூட்டுகிறது என்று தெரிந்தது. 2015-ல் 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழில் வெளியானது. இதனால் நாளைக்கே காட்டுப்பள்ளியில் செலவு குறைந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்படிச் செய்தால் கரண்ட் குறைவாகச் செலவாகும் சவ்வு ஒருநாள் வரலாம் என்கிற அளவுக்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிசாகப் பட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

இதற்கு வேண்டிய மென்பொருளின் பெயர் 'போயிங்க்'. விமானக் கம்பெனி இல்லைங்க, கடைசியில் ஒரு 'க்' இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. இலவசம். வேற்றுக் கிரகத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ரேடியோ அலைகளில் தேடிய 'செட்டி அட் ஹோம்' என்ற திட்டம் 1999-ல் வந்ததே, அதே கூட்டத்தின் பிள்ளைதான் இது. செட்டி 2020 மார்ச்சில் வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. போயிங்க் தொடர்கிறது. நாம் போயிங்க்கைப் போட்டுக்கொண்டு, அதற்குள் நமக்குப் பிடித்த திட்டத்தைத் தேர்ந்தெடுக்கணும். வேலைப் பொட்டலம் வரும், கம்ப்யூட்டர் கணக்குப் போடும், விடை போகும். ஒரே பொட்டலத்தைப் பெரும்பாலும் இரண்டு பேருக்கு அனுப்பி விடையை ஒத்துப்பார்ப்பார்கள். அதனால் நம்ம மெஷின் தப்பாகக் கணக்குப் போட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

முதலில் எந்தக் கம்ப்யூட்டர் என்று பார்ப்போம். அரசு இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது நம்ம மாவட்டத்தில்தான், காக்களூரில். அந்தத் தொடக்கக் காலத்து லேப்டாப் இன்னும் சில வீட்டில் உயிரோடு இருக்கிறது. பாவம், அதை விட்டுவிடுங்கள். அதன் சக்திக்கு இது தாங்காது, கரண்ட் செலவுக்கு ஏற்ற வேலையும் கிடைக்காது. 4 கோர், 8 ஜிபி ராம் இருக்கிற டெஸ்க்டாப் என்றால் தாராளம். ஓரளவு புதிய லேப்டாப்பும் சரி. ஆனால் பிள்ளை படிக்கிற ஒரே ஒரு லேப்டாப் என்றால், படிப்புதான் முதலில். அதைப் போட்டு வாட்டாதீங்க.

ஆபீஸ் கம்ப்யூட்டர், பள்ளிக்கூட லேப், இ-சேவை மைய கம்ப்யூட்டர் இதிலெல்லாம் கேட்காமல் நிறுவவே கூடாது. நல்ல காரியம்தானே என்று நினைத்தாலும் அது நம்முடைய பொருள் இல்லை, கரண்டும் நம்முடையது இல்லை.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. ஆர்வக்கோளாறில், ஒரு மே மாதம், டெஸ்க்டாப்பில் போயிங்க் போட்டு 24 மணி நேரமும் ஓடவிட்டேன். எந்த அமைப்பையும் தொடவில்லை. நான் எலக்ட்ரீஷியன், வாட் கணக்கு தெரிந்தவன், அதுதான் இதில் வெட்கக்கேடு. முழு வேகத்தில் அந்த மெஷின் 130 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 3 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 187 யூனிட். எங்கள் வீட்டில் வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகும். கூட்டினால் 567. நம்ம மாநிலத்து வீட்டு மின்கட்டணம் உங்களுக்குத் தெரியும். 500-க்குள் இருக்கிறவரைக்கும் ஒரு பட்டியல். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படியில் கிடைக்கிற சலுகையும் போய்விடும். பில் இரண்டு மடங்கைத் தாண்டியது. போனில் வந்த மெசேஜை என் வீட்டுக்காரம்மா எனக்குக் காட்டவே இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டுப் போய்விட்டாங்க. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பணத்தோடு முடியவில்லை. சிபியுவைத் திறந்து பார்த்தால் ஃபேன் முழுக்கத் தூசி, பஞ்சு மெத்தை மாதிரி. துறைமுகத்துக்குப் போகிற லாரித் தூசியும் கடல் காற்றின் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? காற்று போக வழியில்லாமல் உள்ளே வெந்துகொண்டிருந்தது.

அதனால் நிறுவியதும் முதலில் செய்ய வேண்டியது திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது கூட இல்லை, வரம்பு போடுவது. போயிங்க் மேனேஜரைத் திறந்தால் மேலே 'ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்'. அங்கே, மொத்த சிபியுவில் எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்கும். அதில் 50 என்று போடுங்க. 4 கோர் இருந்தால் 2 கோர் மட்டும் வேலை செய்யும். சூடும் குறையும், கரண்டும் குறையும். லேப்டாப் என்றால் 25 போட்டாலும் தப்பில்லை.

அதே பக்கத்தில் எப்போது நிறுத்தணும் என்று சில கட்டங்கள். பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்பதில் டிக் இருக்கட்டும். கம்ப்யூட்டரை யாராவது பயன்படுத்தும்போது நிறுத்து என்று ஒன்று இருக்கும், அதிலும் டிக் போடுங்க. பிள்ளை மௌஸைத் தொட்டால் போயிங்க் ஒதுங்கிக்கொள்ளும். மூன்று நிமிஷம் யாரும் தொடவில்லை என்றால் மறுபடி ஆரம்பிக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்க. அது கரண்டைக் குடிக்கிற வேகமே வேறு.

'டெய்லி ஷெட்யூல்ஸ்' என்ற பக்கத்தில் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று போடலாம். நான் இரவு 10 முதல் காலை 6 வரை போட்டிருக்கிறேன். இரவில் கரண்ட் மலிவு என்று நினைத்துவிடாதீங்க, நம்ம வீட்டுக் கட்டணத்தில் பகல் இரவு வித்தியாசம் இல்லை. வெக்கை குறைவு என்பதற்காகத்தான். இந்த அமைப்பில் என் மெஷின் 85 வாட் இழுக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 0.68 யூனிட். இரண்டு மாதத்துக்கு 41 யூனிட். 380-உம் 41-உம் 421. 500-க்கு இன்னும் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டு எண் வேறாக இருக்கும். பழைய பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். இந்தக் கணக்கைப் போடாமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. ஏற்கெனவே 480 யூனிட் ஓடுகிற வீடு என்றால், உண்மையாகவே சொல்றேன், வேண்டாம்.

இன்டர்நெட் விஷயத்திலும் கவனம் வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஓட்டுகிறவர்கள் 'நெட்வொர்க்' பக்கத்தில், இத்தனை நாளைக்கு இத்தனை எம்பிதான் என்று உச்சவரம்பு போடலாம். கிளைமேட் திட்டத்தின் வேலைகள் நீளமானவை, திரும்ப அனுப்பும் ஃபைலும் பெரிசு. என் ஆசை எல்லாம் அதில்தான், ஆனால் ஃபைபர் இணைப்பு இல்லாத வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதில் எல்லா நாளும் வேலை கிடைக்காது, அதுவும் உண்மை. டேட்டா குறைவாக இருக்கிறவர்களுக்கு வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் பரவாயில்லை. அதில் 'மேப்பிங் கேன்சர் மார்க்கர்ஸ்' என்று புற்றுநோயின் அடையாளங்களைத் தேடுகிற வேலை 2013-லிருந்து நடக்கிறது. பொட்டலம் சின்னது, சில மணி நேரத்தில் முடியும். ஐபிஎம் நடத்திக்கொண்டிருந்த இந்தத் திட்டத்தை 2021-ல் கனடாவின் டொராண்டோவில் இருக்கிற கிரெம்பில் ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அதற்குப் பிறகு சில சமயம் வாரக்கணக்கில் சர்வர் படுத்துவிடுகிறது. வேலை வரவில்லையே என்று உங்கள் கம்ப்யூட்டரை உதைக்காதீங்க. துணைக்கு இன்னொரு திட்டத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டால் நல்லது. விண்மீன் ஆசை இருந்தால் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்'. 2010-ல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதி, ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவர், இவர்களுடைய கம்ப்யூட்டர் மூலமாக ஒரு புதிய துடிப்பு விண்மீனே கண்டுபிடிக்கப்பட்டது. புரதத்தின் வடிவத்தைக் கணக்கிடுகிற 'ரொசெட்டா அட் ஹோம்' திட்டம் டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அவருக்கு 2024-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

போனில் முடியுமா என்று முன்வரிசையில் ஒரு தம்பி ஆரம்பத்திலேயே கேட்டார். முடியும். ஆண்ட்ராய்டுக்கு போயிங்க் இருக்கிறது. சார்ஜில் இருக்கும்போது, பேட்டரி ஓரளவு நிரம்பிய பிறகு, வைஃபை இருந்தால் மட்டும் என்றுதான் அது தானாக அமைந்திருக்கும். அதை மாற்றாதீங்க. ஆனால் என்னைக் கேட்டால், கையில் வைத்திருக்கிற ஒரே போனில் வேண்டாம். கேஸ் புக்கிங்கிலிருந்து பேங்க் ஓடிபி வரைக்கும் அதில்தான் வருகிறது. ஸ்க்ரீன் உடைந்து டிராயரில் கிடக்கிற பழைய போனில் போடுங்க. பேட்டரி உப்பியிருந்தால் அதிலும் வேண்டாம். தலையணைக்கு அடியில் வைத்து ஓட்டவே கூடாது.

இடம் பற்றியும் எலக்ட்ரீஷியனாக ஒரு வார்த்தை. இரவு முழுக்க ஓடுகிற மெஷின் என்றால் எர்த் சரியாக இருக்கணும். நூறு ரூபாய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஃப்ரிட்ஜோடு சேர்த்துச் சொருகாதீங்க. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே துணி போடாமல் வைக்கணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் வைத்துத் தூசி எடுக்கணும். நம்ம ஊருக்கு இரண்டு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்க. கரண்ட் போய் வந்தால் வேலை கெட்டுப்போகுமோ என்ற கவலை வேண்டாம், விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடரும்.

இப்போது ரொம்ப முக்கியமான ஒன்று. இதில் பணம் கிடைக்காது. ஒரு பைசா கிடையாது. பாயின்ட் கொடுப்பார்கள், அந்தப் பாயின்ட்டை வைத்து ஒரு டீ கூட வாங்க முடியாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன் என்றால், 'உங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும். வந்திருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஒரு பையன் அதை நம்பி ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் என்று கட்டிவிட்டு நிற்கிறான். போயிங்க்கில் சேருவதற்கு ஒரு ஈமெயில், ஒரு பாஸ்வேர்டு, ஒரு புனைபெயர் போதும். ஆதார் கேட்க மாட்டார்கள், போன் நம்பர் கேட்க மாட்டார்கள், ஓடிபி கேட்க மாட்டார்கள். இதில் எதையாவது ஒன்றைக் கேட்டால் அது போயிங்க் இல்லை, வேறு யாரோ. மென்பொருளைப் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் போயிங்க் தளத்திலிருந்து மட்டும் எடுங்க. லினக்ஸ் வைத்திருந்தால் அதன் மென்பொருள் பட்டியலிலேயே இருக்கும். யாரோ அனுப்பிய ஏபிகே ஃபைலைத் தொடாதீங்க. பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்கு அடிக்கணும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழியிருக்கு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கிளைமேட் வேலையைப் போட்டுவைத்தால் நாளைக்கு மழையா என்று முன்கூட்டியே தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது. அது வேறு கணக்கு. புயல், வெள்ள எச்சரிக்கைக்கு வானிலை மையத்தையும் அரசின் டிஎன் அலர்ட் செயலியையும் பாருங்க.

கடைசியாக என் பையன் கேட்டது. "ஏம்ப்பா, வல்லூர்ல கரி எரிச்சு வர்ற கரண்ட்ல, கரி எரிச்சா என்ன ஆகும்னு கணக்குப் போடுறீங்களா?" நியாயமான கேள்வி. நாட்டின் சராசரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. என் 41 யூனிட்டுக்கு 30 கிலோ. அதை இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மார்ச் வந்தால் நிறுத்திவிடுவேன். ஏசி ஓடுகிற மாதங்களில் இதுவும் ஓடி, வெந்த அறையை மறுபடி ஏசி குளிரவைப்பது அசட்டுத்தனம். ஐப்பசி மழை பிடித்ததும் ஆரம்பித்து மாசி வரைக்கும். நிறுத்துவதும் சுலபம். 'நோ நியூ டாஸ்க்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் கையில் இருக்கிற வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். பாதியில் பிடுங்கிப் போட்டால் அந்தப் பொட்டலத்தை இன்னொருவருக்கு அனுப்பி முதலிலிருந்து ஆரம்பிக்கணும், வீண்தானே.

வீட்டுக்காரம்மாவிடம் இப்போது ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. ஒவ்வொரு முறை பில் வந்ததும் முதலில் அவங்கதான் யூனிட்டைப் பார்ப்பாங்க. 450-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த இரண்டு மாதம் போயிங்க்குக்கு லீவு. இதுவரை ஒருமுறை லீவு கொடுத்தாங்க, தங்கச்சி குடும்பம் வந்து தங்கியிருந்த சமயம்.

இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது பார்த்தேன். ஒரு கிளைமேட் வேலை 62 சதவீதத்தில் நிற்கிறது. எந்த ஊர் மழை என்று எனக்குத் தெரியாது. இந்த வாரக் கடைசியில் முடிந்துவிடும்.

நிறுவிப் பார்க்கிறவர்கள் லேப்டாப்போடு பழைய கரண்ட் பில்லையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாங்க, உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். பில் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.